மருந்துக்கு முன்னே வரும் செய்தி

புதிய மருந்து ஒன்று கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, அதைப் பற்றிய செய்தி நம் வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகிறது. "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு", "நீரிழிவு நோயாளிகளுக்கு நற்செய்தி" என்றெல்லாம் கொட்டை எழுத்தில் தலைப்புகள் வருகின்றன. சில நாட்களில் நம்மில் பெரும்பாலோர் அவற்றை மறந்துவிடுகிறோம். அந்த மருந்து வந்ததா, வராமலே போயிற்றா, வந்திருந்தால் யாருக்குப் பயன்பட்டது என்று எவரும் நமக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் நோயாளியைத் தம் இல்லத்தில் வைத்திருப்போர் அவ்வாறு மறக்க இயலாது. அவர்கள் அத்தலைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கின்றனர்; கையிருப்பைக் கணக்கிடுகின்றனர்; நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று கலந்து பேசுகின்றனர். ஆகவே இத்தகைய செய்தி எவ்வாறு பிறக்கிறது, யார் யார் கைகளைக் கடந்து நம்மிடம் வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆராய்ந்து அறிந்துகொள்வது மிகவும் அவசியமாகும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்பொருள் சற்று அதிகமாகவே உரியது. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பம் ஓங்கி வளர்ந்துள்ள நகரங்களுள் பெங்களூர், ஐதராபாத், புனே, மும்பை ஆகியவை முதன்மையானவை. இந்நகரங்களில் நம்மவர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். சொந்த ஊரில் உறவினர் ஒருவருக்குக் கடும் நோய் என்றால், "உங்கள் ஊரில் ஏதோ புது வைத்தியம் வந்திருக்கிறதாமே, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோள் முதலில் நம்மைத் தேடித்தான் வருகிறது. விடை கூறும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

முதலில் இத்துறையின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். உயிருள்ளவற்றையும் அவற்றின் உயிரணுக்களையும் கொண்டு மனிதனுக்கு வேண்டிய பண்டங்களை ஆக்கிக்கொள்வதே உயிரித் தொழில்நுட்பம். பாலைத் தயிராக்குவதும் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் ஒரு வகையில் இதன்பாற்பட்டனவே. எனினும் இன்று நாம் அப்பெயரால் குறிப்பது, 1973-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு புதிய கலையை ஆகும். ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் பாயர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளும் அவர்தம் துணைவர்களும், ஓரிடத்து மரபணுவை வெட்டியெடுத்துப் பாக்டீரியா என்னும் நுண்ணுயிரினுள் பொருத்தி, அங்கே அது பெருகுமாறு செய்யலாம் என்று காட்டினர். நுண்ணுயிரையே ஒரு சிறு தொழிற்சாலையாக மாற்றும் வழி அன்று திறந்தது.

இத்தொழிலுக்கும் ஏனைய தொழில்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சோப்பு செய்யும் ஆலை இன்று சோப்பைச் செய்து நாளை விற்கிறது. விற்ற பணத்தில் மறுநாள் ஆலை ஓடுகிறது. உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் நிலை அப்படியன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் உருவானபின் அதை முதலில் எலி முதலிய பிராணிகளிடம் சோதிக்க வேண்டும். பின்னர் மனிதரிடம் மூன்று கட்டங்களாகச் சோதிக்க வேண்டும். முதற்கட்டத்தில் சிலருக்குக் கொடுத்து, அது தீங்கு செய்கிறதா என்று பார்க்கின்றனர். இரண்டாம் கட்டத்தில் இன்னும் பலருக்குக் கொடுத்து, தக்க அளவையும் பயனின் அறிகுறிகளையும் காண்கின்றனர். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோரை, சில வேளை ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, மருந்து பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு முடிவு காண்கின்றனர். அதன்பின் அரசாங்கத்தின் அனுமதி. இவ்வளவுக்கும் பத்தாண்டு பிடிப்பது வழக்கம். மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் அனுமதி வரை போய்ச் சேர்கிறது.

இந்தப் பத்தாண்டு காலமும் அந்நிறுவனத்திடம் விற்பதற்குச் சரக்கு ஏதும் இல்லை. ஆயினும் விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகளை வாங்க வேண்டும். சோதனைகளை நடத்த வேண்டும். இதற்கான பணம் முதலீட்டாளர்களிடமிருந்து வருகிறது. முதலீட்டாளர்களுக்குக் காட்டுவதற்கு அந்நிறுவனத்திடம் இருப்பது நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கையை ஊருக்கு எடுத்துச் செல்லும் வாகனம் பத்திரிகைச் செய்தி. எனவேதான், விற்பனை அதிகாரி ஒருவரை நியமிப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே இத்தகைய நிறுவனம் மக்கள் தொடர்பு அதிகாரியை நியமித்துக்கொள்கிறது. இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம், தன் பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய முக்கியமான முடிவுகளை உடனுக்குடன் அறிவிக்க வேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. ஆனால் இதன் விளைவு யாது? செய்தி முந்திக்கொள்கிறது, சான்று பின்னால் நடந்து வருகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள காலத்தில்தான் ஏமாற்றங்கள் எல்லாம் நேர்கின்றன.

இத்துறையின் தொடக்கமே இதற்கு எடுத்துக்காட்டு. 1976-ஆம் ஆண்டில், மேலே குறித்த ஹெர்பர்ட் பாயரும் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளைஞரும் கூடிக் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நீரிழிவு நோயாளிகளுக்கு வேண்டிய இன்சுலின் அந்நாளில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. மனித இன்சுலினைப் பாக்டீரியாவைக் கொண்டு ஆக்குவதே இந்நிறுவனத்தின் நோக்கம். பல்கலைக்கழகக் குழுக்களும் இதே போட்டியில் இறங்கியிருந்தன. 1978 செப்டம்பர் 6-ஆம் நாள், சிட்டி ஆப் ஹோப் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நிருபர்களைக் கூட்டி, தாங்கள் வெற்றி பெற்றுவிட்டதாக ஜெனென்டெக் விஞ்ஞானிகளும் அந்நிலையத்தாரும் அறிவித்தனர். அதன் விவரமான ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தது 1979 ஜனவரியில். மருந்தாக விற்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது 1982 அக்டோபரில்.

இதற்கிடையே 1980 அக்டோபர் 14 அன்று அந்நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ஒரு பங்கின் விலை 35 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அது 80 டாலருக்கும் மேலே ஏறிற்று. அன்று வரை அந்நிறுவனத்தின் மருந்து ஒன்றுகூடக் கடைக்கு வந்திருக்கவில்லை. மக்கள் விலை கொடுத்து வாங்கியது எதிர்காலத்தைத்தான். இங்கே அந்த எதிர்காலம் பொய்க்கவில்லை; இன்சுலின் வந்தது, கோடிக்கணக்கானோருக்குப் பயன்படுகிறது. ஆயினும் இவ்வெற்றி ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திவிட்டது. விஞ்ஞான ஏட்டில் கட்டுரை வருவதற்கு முன்னதாகவே நிருபர்களை அழைத்துச் சொல்லிவிடலாம் என்பதே அப்பழக்கம்.

அதன் அடுத்த கட்டத்தை 1980-ஆம் ஆண்டிலேயே காண்கிறோம். இன்டர்பெரான் என்ற பொருளை 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இருவர் கண்டறிந்தனர். வைரஸ் கிருமி தாக்கும்போது நம் உடல் தானே சுரக்கும் காப்புப் பொருள் அது. புற்றுநோயையும் அது அடக்கக்கூடும் என்ற எண்ணம் மெல்லப் பரவிற்று. ஆனால் மனித இரத்தத்திலிருந்து பெருமுயற்சியின்பேரில் துளித்துளியாகவே அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1978-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், அதை வாங்கிச் சோதிப்பதற்கென்றே 20 இலட்சம் டாலரை ஒதுக்கியது. எளிதிற் கிட்டாத பொருளுக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. இன்டர்பெரானுக்கும் அவ்வாறே ஏற்பட்டது.

இந்நிலையில் 1980 ஜனவரி 16-ஆம் நாள், பயோஜென் என்னும் நிறுவனம் பாஸ்டன் நகரில் நிருபர் கூட்டம் ஒன்றைக் கூட்டிற்று. ஸூரிச் நகரத்து விஞ்ஞானியான சார்லஸ் வைஸ்மானின் குழு, பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்டர்பெரானை ஆக்கிவிட்டது என்பதே அறிவிப்பு. அறிவிப்பு உண்மைதான், ஆனால் உண்டான அளவு மிகமிகச் சொற்பம். புற்றுநோய்க்கு அது உதவும் என்பதற்குத் தக்க சான்றும் அப்போது இல்லை. ஆய்வுக் கட்டுரை மார்ச் மாத இறுதியில்தான் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. எனினும் பயோஜெனில் பங்கு வைத்திருந்த பெரிய மருந்து நிறுவனத்தின் பங்கு விலை அதற்குள் ஏறிவிட்டது. மார்ச் 31 தேதியிட்ட 'டைம்' வார இதழ் இன்டர்பெரானை அட்டைப்படத்திலேயே போட்டது.

அதே மார்ச் மாதத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் செய்தித் துறைத் தலைவராயிருந்த ஸ்பைரோஸ் ஆண்ட்ரியோபுலோஸ் என்பவர், 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' ஒரு கட்டுரை எழுதினார். நிருபர் கூட்டத்தின் வாயிலாக மரபணு ஆராய்ச்சி நடைபெறும் நிலை வந்துவிட்டதே என்று அதில் அவர் கவலை தெரிவித்தார். எச்சரித்தவர் ஒரு விஞ்ஞானியல்லர். மக்கள் தொடர்புத் துறையிலேயே தொழில் புரிந்தவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு முடிவை ஏனைய விஞ்ஞானிகள் சரிபார்க்கு முன்னரே ஊருக்குச் சொல்லிவிட்டால், நிருபர் எதைக் கொண்டு அதை மதிப்பிடுவார் என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம்.

இன்டர்பெரானின் பின்கதை படிப்பினை நிறைந்தது. அது புற்றுநோயை ஒழிக்கும் மாமருந்தாகவில்லை. 1986-இல் அரிதாக வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பின்னர்க் கல்லீரலைத் தாக்கும் சிலவகை மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்கு எதிராகவும் பல ஆண்டுகள் பயன்பட்டது. அதாவது, குறிப்பிட்ட சில நோய்களுக்குக் குறிப்பிட்ட அளவில் உதவும் நல்ல மருந்து அது. 1980-ஆம் ஆண்டின் தலைப்புகள் கூறியது அதுவன்று.

இனிச் செய்தி எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். விஞ்ஞானி ஆய்வுக் கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்புகிறார். அவ்விதழ், அதே துறையில் வல்லவரான வேறு சிலரிடம் கொடுத்துக் கட்டுரையை ஆராயச் செய்கிறது. அவர்கள் குறை காட்டினால் திருத்த வேண்டும், மறுத்தால் அச்சேறாது. அச்சேறும் நாள் நெருங்கும்போது, பல்கலைக்கழகத்தின் அல்லது நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு இரண்டொரு பக்கத்தில் செய்திக் குறிப்பு ஒன்றைத் தயாரிக்கிறது. "இன்ன நாள், இன்ன மணிக்கு முன் வெளியிடலாகாது" என்ற நிபந்தனையுடன் அது நிருபர்களுக்குப் போய்ச் சேர்கிறது. நிருபர் நேர்மையாக விசாரித்து எழுதுவதற்கு அவகாசம் அளிப்பதே இந்நிபந்தனையின் நோக்கம். வேறிடத்தில் முன்பே வெளியான ஆய்வைத் தாம் ஏற்பதில்லை என்று 1969-இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின்' ஆசிரியர் பிரான்ஸ் இங்கெல்பிங்கர் ஒரு விதி வகுத்தார். பிற இதழ்களும் அதைப் பின்பற்றின. விஞ்ஞானிகள் நேரே பத்திரிகைக்கு ஓடுவதை இவ்விதி ஓரளவு தடுத்தது. ஆனால் நிறுவனங்களின் அறிவிப்புகளை அது கட்டுப்படுத்தவில்லை.

செய்தி மிகைப்பட்டுவிட்டால் நாம் பத்திரிகைகளையே பழிக்கிறோம். பழி முழுவதும் அவர்களுடையதன்று. பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்கள் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரைகளோடும் நாளிதழ்ச் செய்திகளோடும் ஆராய்ச்சியாளர் சிலர் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதன் முடிவு 2014-இல் 'பிரிட்டிஷ் மருத்துவ இதழில்' வெளியாயிற்று. பிராணிகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதாக மிகைப்படுத்திய குறிப்புகள் நூற்றுக்கு 36. குறிப்பில் அம்மிகை இருந்தபோது, அதையொட்டி எழுந்த செய்திகளில் நூற்றுக்கு 86-இல் அது தொடர்ந்தது. குறிப்பு அடக்கமாயிருந்தபோது, செய்திகளில் நூற்றுக்கு 10-இல்தான் மிகை தோன்றிற்று. கலப்படம் பெரும்பாலும் ஊற்றிலேயே நேர்ந்துவிடுகிறது என்பதை இதனால் அறிகிறோம். மற்றொன்றும் தெரியவந்தது. மிகைப்படுத்திய குறிப்புகளைப் பத்திரிகைகள் அதிகமாக எடுத்துப் போட்டன என்பதற்குச் சான்று இல்லை. உண்மையை அளவோடு சொன்னால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றது.

எல்லோரும் நேர்மையாகவே நடந்துகொண்டபோதிலும் செய்தி எவ்வாறு தடம் புரளும் என்பதற்கு 1998-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லலாம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜூடா போக்மன் என்ற பெருமருத்துவர், புற்றுக்கட்டி வளர்வதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். அவை முளைக்காதவாறு தடுத்தால் கட்டி பட்டினியால் சுருங்கும் என்ற கருத்தைப் பல்லாண்டுகள் வளர்த்து வந்தார். எண்டோஸ்டாடின் முதலான இரண்டு பொருள்களால் எலிகளின் கட்டிகள் மறைந்ததை அவர் குழு கண்டது. முக்கியமான கட்டுரை 1997 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழும் அப்போதே அதை உட்பக்கத்தில் வெளியிட்டது. பெரிய பரபரப்பு ஏதும் எழவில்லை.

ஐந்து மாதங்கள் சென்றன. 1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை, அதே நாளிதழ் அதே பொருளை முதற்பக்கத்தில் வெளியிட்டது. இரண்டாண்டில் போக்மன் புற்றுநோயை வென்றுவிடுவார் என்று நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாகவும் அதில் இருந்தது. அவ்வுரையாடல் தம் நினைவில் வேறு விதமாக இருப்பதாக வாட்சன் பின்னர் அந்த நாளிதழுக்கே எழுதினார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. அப்பொருள்களை உருவாக்கும் உரிமை பெற்றிருந்த என்ட்ரிமெட் என்ற சிறு நிறுவனத்தின் பங்கு, வெள்ளிக்கிழமை 12 டாலராக இருந்தது; திங்கட்கிழமை காலையில் 85 டாலரைத் தொட்டு, மாலையில் 52 டாலர் அளவில் நின்றது. புதிய உண்மை ஒன்றுகூட இல்லாமலே விலை பன்மடங்கு ஏறிற்று என்று பொருளாதார அறிஞர் இருவர் பின்னாளில் ஆராய்ந்து எழுதினர். உட்பக்கத்திலிருந்து முதற்பக்கத்துக்கு நகர்ந்தது ஒன்றே நேர்ந்த மாற்றம்.

பங்கு வாங்கியோர் இழந்தது பணம். நோயாளிகளின் நிலையோ இரங்கத்தக்கது. மருந்து கிடைக்குமா என்று கேட்டு மருத்துவர்களை அவர்கள் மொய்த்தனர். கொடுப்பதற்கு மருந்து இல்லை. மனிதரிடம் சோதனையே அப்போது தொடங்கியிருக்கவில்லை. இதுவரை குணம் கண்டவை எலிகளே என்பதைப் போக்மன் தொடக்கத்திலிருந்தே வற்புறுத்தி வந்தவர். அவருடைய அடக்கமான சொல் தலைப்பின் ஆரவாரத்தில் எடுபடவில்லை. அமெரிக்காவில் பின்னர் நடந்த மனிதச் சோதனைகளில் எண்டோஸ்டாடின் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆனால் போக்மனின் அடிப்படைக் கருத்து தோற்கவில்லை. அதே வழியில் இரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் வேறொரு மருந்து, 2004 பிப்ரவரியில், முற்றிய பெருங்குடற் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அது பலருக்கு ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. விஞ்ஞானம் இவ்வாறுதான் முன்னேறுகிறது. சிறு சிறு அடியாக, பெரும்பாலும் நாம் எதிர்பாராத திசையில்.

நேர்மையற்றோர் கையில் இக்கருவி அகப்பட்டால் நேர்வது வேறு. எலிஸபெத் ஹோம்ஸ் என்ற பெண்மணி 2003-இல் அமெரிக்காவில் தெரனோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டே எத்தனையோ சோதனைகளைச் செய்துவிடலாம் என்று கூறி வந்தார். பத்திரிகைகள் அவரை அட்டைப்படத்தில் வைத்துப் போற்றின. நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. அக்கருவியைப் பற்றிப் பிறர் சரிபார்த்த ஆய்வுக் கட்டுரை எங்கே என்று கேட்டவர் மிகச் சிலரே. 2015 அக்டோபரில் ஜான் கேரிரூ என்ற நிருபர் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் உண்மையை வெளியிட்டார். அக்கருவியால் முன்பு தந்த பல்லாயிரம் இரத்தச் சோதனை முடிவுகளை அந்நிறுவனமே 2016-இல் திரும்பப் பெற்றோ திருத்தியோ தீர வேண்டியதாயிற்று. 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஹோம்ஸுக்கு 11 ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உயர்த்தியதும் பத்திரிகை, உண்மையை வெளிக்கொணர்ந்ததும் பத்திரிகை. ஆதலால் பத்திரிகைகள் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதாதிருப்பது பரிகாரமாகாது. கேள்வி கேட்டு எழுதுவதே பரிகாரம்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவிட் தொற்றின்போது, ஐதராபாத்திலுள்ள பாரத் பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய கோவாக்சின் தடுப்பூசிக்கு, 2021 ஜனவரி 3 அன்று அவசரப் பயன்பாட்டு அனுமதி அறிவிக்கப்பட்டது. மூன்றாம் கட்டச் சோதனையின் பயன் அளவு அப்போது வெளியாகியிருக்கவில்லை. மக்களிடையே ஐயம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மார்ச் 3 அன்று, பயன் நூற்றுக்கு 81 என்று நிறுவனம் செய்திக் குறிப்பு வெளியிட்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சோதனையில் சேர்ந்தவர் 25,800 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தடுப்பூசி; மறுபாதிக்கு மருந்தற்ற வெற்றூசி. அன்றுவரை நோய் கண்டவர் 43 பேர். வெற்றூசி பெற்றவரில் 36. தடுப்பூசி பெற்றவரில் 7. முப்பத்தாறுக்குப் பதிலாக ஏழு என்பதால், நோய் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அதுவே 81 என்ற எண்ணாயிற்று. கணக்கு சரிதான். ஆனால் அது 43 பேரை மட்டும் அடித்தளமாகக் கொண்டு நின்ற எண். அதே ஆண்டு நவம்பரில் 'லான்செட்' இதழில் முழுக் கட்டுரை வந்தபோது நோய் கண்டவர் 130 பேர். முறையே 106, 24. பயன் நூற்றுக்கு 77.8 ஆயிற்று. முதலில் வந்த எண் பொய்யன்று. அது முற்றுப்பெறாத எண். இந்த வேறுபாட்டை அறிந்தவர், எண் சிறிது மாறியதும் எல்லாமே ஏமாற்று என்று கூச்சலிட மாட்டார். முதல் எண்ணையே இறுதித் தீர்ப்பாகவும் கொள்ள மாட்டார்.

மும்பையில் நிகழ்ந்த ஓர் அருஞ்செயலையும் கூற வேண்டும். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் கூடி, நோயாளியின் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளணுக்களை எடுத்து, அவற்றின் மரபணுவை மாற்றி, புற்றணுக்களைத் தாக்குமாறு பழக்கி, மீண்டும் அவருக்கே செலுத்தும் முறையை உருவாக்கின. நெக்ஸ்கார் 19 என்ற இச்சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் அதைத் தொடங்கி வைத்தார். வெளிநாட்டில் ஆகும் செலவில் சிறு பகுதியே ஆகிறது என்பது பெருமைக்குரியது. அவ்வாறிருந்தும் செலவு பல இலட்சம் ரூபாய். செய்தியைக் கேட்ட பலர், "மும்பையில் புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்று புரிந்துகொண்டனர். உண்மையில் இது பி வகை வெள்ளணுக்களில் தோன்றும் சில இரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமே உரியது. அதிலும், வழக்கமான சிகிச்சைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும் உரியது. மார்பிலோ வயிற்றிலோ கட்டி கண்டவருக்கு இதனால் பயனில்லை. "எந்தப் புற்றுநோய்" என்ற ஒரு சொல் செய்தியிலிருந்து நழுவியதால், ஆயிரம் மைல் வீண்பயணம் செய்யும் குடும்பங்கள் இருக்கக்கூடும்.

வேறு சில அறிவிப்புகள் இவ்வளவு நேர்மையானவையும் அல்ல. ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களைச் செலுத்தி, பக்கவாதம், ஆட்டிசம், முதுகுத்தண்டுக் காயம் முதலியவற்றைக் குணப்படுத்துவதாகப் பெருநகரங்களில் விளம்பரங்களைக் காண்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யப்படும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தவிர்த்து, மற்றவை யாவும் சோதனை நிலையிலேயே உள்ளன. அவற்றை விளம்பரம் செய்வதும் கூடாது. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டமும், புற்றுநோய், நீரிழிவு முதலான பல நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் விளம்பரம் செய்தி வேடம் பூண்டு வரும்போது சட்டம் அதை எளிதில் எட்டுவதில்லை. அங்கே காவல் புரிய வேண்டியது படிப்பவரின் அறிவே.

ஆகவே புதிய மருந்துச் செய்தி எதைக் கண்டாலும், அது மேலே கூறிய படிகளுள் எதில் நிற்கிறது என்று முதலில் கேட்போம். எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேரில், யாருடன் ஒப்பிட்டு? எந்த நோய், அதன் எந்த நிலை? பிறர் சரிபார்த்த கட்டுரை வெளிவந்துள்ளதா, அல்லது நிறுவனத்தின் செய்திக் குறிப்பு மட்டுந்தானா? சொல்பவருக்கு அதில் ஆதாயம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை செய்தியிலேயே இல்லாவிடின், அச்செய்தி இன்னும் முதிரவில்லை என்று கொள்ளலாம். நம் நாட்டில் நடைபெறும் மனிதச் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாகும். அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சோதனை என்ற பெயரில் ஒருவர் சிகிச்சைக்கு அழைத்தால், பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை. எண் கூற மறுப்பவரிடம் மேலும் பேசுவதில் பயனில்லை.

ஊரிலிருந்து உறவினர் விசாரிக்கும்போது, "அதெல்லாம் பொய்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் தவறு. "உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று அழைத்துவிடுவதும் தவறு. நோயின் முழுப் பெயரையும் இதுவரை நடந்த சிகிச்சையின் விவரத்தையும் எழுதி அனுப்பச் சொல்லுவோம். அவற்றை எடுத்துக்கொண்டு, நாம் வாழும் நகரத்திலுள்ள பொது மருத்துவமனை ஒன்றின் அத்துறை மருத்துவரைக் கண்டு, இச்சிகிச்சை இந்நோயாளிக்குப் பொருந்துமா, செலவு யாது, பயன் எவ்வளவு, வேறு வழி உண்டா என்று கேட்டறிவோம். விடை சாதகமாயின் தங்குமிடம் முதலிய உதவிகளைச் செய்வோம். பாதகமாயின் அதையும் மறைக்காமல், பரிவோடு, காரணத்துடன் தெரிவிப்போம். நிலத்தையும் நகையையும் விற்றபின் தெரியவரும் உண்மையைவிட, விற்குமுன் தெரியவரும் உண்மை ஒரு குடும்பத்துக்கு எவ்வளவோ மேலானது. அந்த உண்மையை உரிய காலத்தில் சேர்ப்பிக்கும் வாய்ப்பு, இந்நகரங்களில் வாழும் நமக்குக் கிட்டியிருக்கிறது.